சாலை உள்வாங்கியது: அந்த மண் எங்கே போனது?

நேற்றுவரை பஸ் ஓடிய ரோடு. இன்று காலை அதன் நடுவில் பெரிய பள்ளம். உள்ளே விழுந்த வண்டியின் பின்பக்கம் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. பெருநகரம் ஒன்றில் இப்படி நடந்த அரை மணி நேரத்துக்குள் மூன்று விளக்கங்கள் போன்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். பெரிய நிலநடுக்கம் வரப்போவதன் அறிகுறி என்பார்கள் சிலர். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஊரே புதையப்போகிறது என்பார்கள் வேறு சிலர். ரோடு போட்ட கான்ட்ராக்டர் தாரில் கைவைத்துவிட்டார் என்பது மூன்றாவது.

முதல் விளக்கம் தப்பு. இரண்டாவதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது வேறொரு சிக்கலைப் பற்றிய உண்மை. மூன்றாவது நிஜமாகவே நடந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் வண்டி உள்ளே போனதற்கு அது காரணமாகாது. மட்டமான தார் பெயர்ந்தால் முழங்கால் அளவுக்குக் குழி விழும், அவ்வளவுதான்.

இந்த மாதிரிச் செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது வேறு: அங்கே இருந்த மண் எங்கே போனது?

1,000 லாரி மண்

2016 நவம்பர் 8 அதிகாலை, ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில் ஹக்காட்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாலை ஏறத்தாழ 30 மீட்டர் அகலத்துக்கு, 15 மீட்டர் ஆழத்துக்கு உள்ளே இறங்கியது. அந்தப் பள்ளத்தை அடைக்க 6,000 கன மீட்டருக்கும் மேல் கலவை கொட்ட வேண்டியிருந்தது. லாரிக்கு 6 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 1,000 லோடு ஆகிறது.

இவ்வளவு மண் மாயமாகிவிடாது. மண் அமுங்கி இறுகினால் சில சென்டிமீட்டர் தாழும். ஐந்து மாடி உயரத்துக்கு இடம் காலியாகாது. ஆகவே இரண்டு விஷயங்கள் நிச்சயம். மண் போய்ச் சேர கீழே எங்கோ காலி இடம் இருந்திருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கத் தண்ணீர் இருந்திருக்கிறது. ஹக்காட்டாவில் அந்தக் காலி இடம், அப்போது தோண்டிக்கொண்டிருந்த சுரங்க ரயில் பாதை. பெரும்பாலான ஊர்களில் அது பாதாளச் சாக்கடை.

பெயர்க் குழப்பம்

எல்லாவற்றையும் ‘புதைகுழி’ என்று எழுதிவிடுவதால்தான் பாதிக் குழப்பம். உண்மையில் இவை நான்கும் வேறு வேறு.

1. ரோட்டுக் குழி. மேலிருந்து கீழே வருவது. விரிசலில் மழைநீர் இறங்கி, வண்டிகள் ஏறி இறங்கி, ஜல்லி பெயர்ந்து உண்டாகிறது. இடுப்பு ஒடியும், ஆனால் ஆளை விழுங்காது.

2. நிலம் தாழ்தல். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுப்பதால் களிமண் அடுக்குகள் அமுங்கி, பெரிய பரப்பு மொத்தமாக, மெதுவாக இறங்குவது. மெக்சிகோ நகரின் சில பகுதிகள் ஆண்டுக்கு 40 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்குகின்றன, ஜகார்த்தாவும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கட்டடம் சாயும், கதவு மூடாது, பைப் உடையும். ஊரே புதையப்போகிறது என்ற இரண்டாவது விளக்கம் இதைப் பற்றியது.

3. சுண்ணாம்புப் பாறைப் புதைகுழி. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்து லேசான அமிலமாகும் மழைநீர், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகை செய்கிறது. ஒருநாள் குகையின் கூரை விழுகிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா இதற்குப் பேர் போனது. 1981ல் அங்கே விண்டர் பார்க் என்ற ஊரில் ஒரு வீடும், நீச்சல் குளத்தின் ஒரு பகுதியும், பழுதுபார்க்க விட்டிருந்த போர்ஷே கார்களும் உள்ளே போயின. அந்தப் பள்ளம் இப்போது ஏரி.

4. சாலை உள்வாங்குதல். நகரத்துச் செய்திகளில் வருவது பெரும்பாலும் இதுதான். இங்கே பாறை கரைவதில்லை. மனிதர் புதைத்த குழாய்க்குள்ளோ தோண்டிய சுரங்கத்துக்குள்ளோ மண் அரித்துக்கொண்டு போகிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. 2010 மே மாதக் கடைசியில், அகாதா புயல் மழையோடு, குவாத்தமாலா நகரில் கிணறு வெட்டியதுபோல வட்டமாக ஒரு பள்ளம் விழுந்து மூன்று மாடிக் கட்டடத்தை விழுங்கியது. உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்து இயற்கையின் விந்தை என்று வாயைப் பிளந்தது. புவியியலாளர்கள் உடனே மறுத்தார்கள்: அந்த நகரத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறையே இல்லை, எரிமலை கக்கிய சாம்பலும் நுரைக்கல்லும் சேர்ந்த தளர்ந்த படிவு; வடிகால் கசிவு அதைக் குடைந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2007ல், அதே நகரில் 100 மீட்டர் ஆழத்துக்கு இன்னொரு பள்ளம் விழுந்து உயிர்களை வாங்கியிருந்தது. இயற்கைப் புதைகுழி என்றால் பொறுப்பு யாருக்கும் இல்லை. குழாய்க் கசிவு என்றால் அந்தக் குழாய்க்கு ஒரு துறை உண்டு, பராமரிப்புப் பதிவேடு உண்டு.

மண் போகும் வழிகள்

1. பாதாளச் சாக்கடை

சாக்கடைக் குழாயில் கழிவுநீர் வழக்கமாக முழுதாக நிரம்பி ஓடாது, மேல்பாதி காற்றுதான். அழுத்தமும் கிடையாது, சரிவில் தானாக வழிகிறது. குழாயில் விரிசல் விட்டால் உள்ளிருந்து வெளியே கசிவதைவிட, வெளியிலிருக்கும் நிலத்தடி நீர் உள்ளே வருவதுதான் அதிகம். அந்த நீர் வரும்போது ஒரு சிட்டிகை மணலையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இரண்டு குழாய்கள் சேரும் மூட்டில் விரல் நுழையாத இடைவெளி. மேலே இருக்கும் மணலில் சில துகள்கள் சொட்டும் நீரோடு உள்ளே விழுகின்றன. கழிவுநீர் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. விழுந்த துகள்கள் அங்கேயே குவிந்திருந்தால் ஓட்டை தானாக அடைத்துக்கொள்ளும். ஓடும் தண்ணீர் அடைய விடுவதில்லை. மூட்டுக்கு மேலே முதலில் எலுமிச்சை அளவு இடம் காலியாகிறது. அதன் கூரையிலிருந்து மண் உதிர உதிர, அது பானை அளவாகி, அறை அளவாகி, மெல்ல மேலே ஏறிக்கொண்டே வருகிறது. மேலே வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

குழாய் ஏன் ஓட்டையாகிறது? வேர், அதிர்வு, மோசமான மூட்டு என்று பல காரணங்கள். பெரிய கான்கிரீட் குழாய்களுக்கு ஒரு தனி நோய் உண்டு. காற்றுப் படாத கழிவில் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை, அதாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயுவை, உண்டாக்குகின்றன. அது மேலே எழுந்து குழாயின் உட்கூரை ஈரத்தில் ஒட்டுகிறது. அங்கே வேறு வகை பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் தின்ற கான்கிரீட் சுண்ணாம்புச் சாந்துபோல இளகிவிடும். ஆக, குழாய் அடிப்பக்கம் திடமாக இருக்க, கூரை மட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது. மண் இருப்பதோ கூரைக்கு மேலே.

2. குடிநீர்க் குழாய்

இதன் கதை நேர் எதிர். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் வெளியே பீய்ச்சுகிறது. சுற்றியுள்ள மணலைச் சேறாகக் கலக்குகிறது. அந்தச் சேறு பக்கத்தில் இருக்கும் சாக்கடை விரிசலையோ மழைநீர் வடிகாலையோ தேடிப் போய்விடும். கசிவு பலமாக இருந்தால் ரோட்டிலேயே ஊற்றெடுத்துவிடும் என்பதால் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஒழுகும் சின்னக் கசிவுதான் ஆபத்தானது.

3. சுரங்கப் பணி

2017 ஏப்ரல் 9, ஞாயிறு மதியம், சென்னை அண்ணா சாலையில் மாநகரப் பேருந்தும் ஒரு காரும் ஒரே பள்ளத்தில் இறங்கின. கீழே மெட்ரோ சுரங்க வேலை நடந்துகொண்டிருந்தது. பயணிகள் தப்பித்தார்கள். 2025 மார்ச்சில் சியோலில் சுரங்க ரயில் பணி நடந்த பகுதியில் விழுந்த பள்ளம், பைக்கில் வந்த ஒருவரின் உயிரை வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பாங்காக்கில் வஜிரா மருத்துவமனைக்கு எதிரே சாம்சென் சாலை இறங்கியது. அங்கேயும் அடியில் மெட்ரோ கட்டுமானம்.

சுரங்கம் தோண்டும் இயந்திரம் முன்னால் இருக்கும் மண்ணை வெட்டும்போதே, அந்த மண் சரிந்து விழாதபடி எதிர் அழுத்தம் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழுக்கப் பாறை என்றால் சிக்கலில்லை. முழுக்கக் களிமண் என்றாலும் சமாளிக்கலாம். கீழ்ப்பாதி பாறை, மேல்பாதி தளர்ந்த மணல் என்று கலந்து வந்தால்தான் தொல்லை: பாறையை உடைக்க இயந்திரம் நேரம் எடுக்கும்போது மேலிருக்கும் மணல் கணக்கில்லாமல் உள்ளே கொட்டிவிடும். எத்தனை மீட்டர் முன்னேறினோம், எத்தனை டன் மண் வெளியே வந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இதனால்தான் முக்கியம். வர வேண்டியதைவிட அதிகம் வந்திருந்தால், மேலே எங்கோ காலியாகியிருக்கிறது.

தூர்த்து மறந்த பழைய கிணறுகள், கைவிட்ட தொட்டிகள், சரியாக இடித்துக் கெட்டிப்படுத்தாமல் மூடிய பள்ளங்கள் ஆகியவையும் உண்டு. இவற்றால் விழும் குழிகள் பொதுவாகச் சிறியவை.

தார் ஏன் முன்னமே விழுவதில்லை?

கீழே ஓர் அறை அளவுக்கு காலியாக இருந்தும் மேலே போகும் வண்டிகளுக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, குழிவின் கூரை வளைவாக அமைந்து, பாரத்தைப் பக்கங்களுக்குத் தள்ளிவிடுகிறது. கோயில் வாசல் வளைவு நிற்பதுபோல. இரண்டு, வருஷாவருஷம் தார்மேல் தார் போட்ட ரோடு, ஒரு பலகைபோல அந்த வாயை மூடிக்கொண்டு நிற்கிறது. ரோடு பலமாக இருக்க இருக்க, கீழே பள்ளம் பெரிதாக வளர நேரம் கிடைக்கிறது. மேலே சொன்ன கான்ட்ராக்டர் கதையில் இருக்கும் முரண் இதுதான்: மோசமான ரோடாக இருந்திருந்தால் சின்னப் பள்ளத்திலேயே காட்டிக் கொடுத்திருக்கும்.

அப்புறம் மழை. கடற்கரையில் மணல் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: ஈர மணல் நிற்கும், காய்ந்த மணல் சரியும், தண்ணீரில் மூழ்கிய மணல் கரைந்தே போகும். துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் ஈரம்தான் பசைபோலப் பிடித்திருக்கிறது. பெருமழையில் அந்த இடைவெளிகள் நிரம்பிவிட்டால் பசை போய்விடும். பிறகு மழை விட்டு நீர்மட்டம் இறங்கும்போது, இறங்கும் நீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகிறது. மழை நின்று வெயில் அடிக்கும் நாளிலும் பள்ளம் விழுவதற்கு இது ஒரு காரணம்.

கவனிக்க ஆள் இருந்த பள்ளமும் இல்லாத பள்ளமும்

ஹக்காட்டாவில் பள்ளம் அவ்வளவு பெரிது, ஒருவரும் சாகவில்லை. சுரங்கத்துக்குள் இருந்த தொழிலாளர்கள் கூரையிலிருந்து மண்ணும் தண்ணீரும் கொட்டுவதைப் பார்த்து வெளியேறினார்கள். மேலே போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதற்குச் சற்று நேரத்தில் ரோடு இறங்கியது. கேமராக்களில் பதிவான காட்சியில் ஆளில்லாத சாலைதான் உள்ளே போகிறது. ஒரே வாரத்தில், நவம்பர் 15ஆம் தேதி, சாலையைத் திறந்துவிட்டார்கள். சிமெண்ட் கலந்த குழம்பு மண்ணை ஊற்றி மூடியதால் அது முடிந்தது. தண்ணீர் நின்ற பள்ளத்தில் வெறும் மணலைக் கொட்டியிருந்தால் அதுவும் அரித்துக்கொண்டு போயிருக்கும்.

2025 ஜனவரி 28 அன்று டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாகாணத்தின் யாஷியோ நகரில் நடந்தது இதற்கு நேர்மாறு. சந்திப்பு ஒன்றில் ரோடு இறங்கி ஒரு லாரி உள்ளே போனது. ஓட்டுநருக்கு வயது 74. ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில், 1983ல் போட்ட 4.75 மீட்டர் விட்டமுள்ள சாக்கடைக் குழாய். மேலே சொன்ன அமில அரிப்புதான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. 2021 ஆய்வில் அது உடனே பழுதுபார்க்க வேண்டிய நிலையில் இல்லை என்று குறித்திருந்தார்கள்.

மீட்பு ஏன் இழுத்தது என்பதில்தான் நகரத்தின் அமைப்பே தெரிகிறது. பள்ளத்துக்குள் சாக்கடை நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த ஒரு வால்வும் கிடையாது, ஏனென்றால் அந்தத் தண்ணீர் வருவது வீடுகளிலிருந்து. அந்தக் குழாயை நம்பியிருந்த 12 லட்சம் பேரிடம், குளிப்பதையும் துணி துவைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். எங்கோ ஒரு வீட்டில் திறந்துவிட்ட குளியல் தொட்டி நீர், மீட்புக் குழுவின் காலடியில் ஏறிக்கொண்டிருந்தது. விளிம்புகள் சரிந்து சரிந்து பள்ளம் 40 மீட்டர் அகலத்துக்கு விரிந்தது. ஓட்டுநரின் உடலை வெளியே எடுத்தது மே 2ஆம் தேதி.

ஹக்காட்டாவில் சுரங்கம் புதிது, உள்ளே ஆள் இருந்தார்கள். யாஷியோவில் குழாய் 42 வயதுப் பழசு. உள்ளே ஆள் இல்லை. மெட்ரோ வேலை நடக்கும் தெருவைக் கண்டு பயப்படும் நாம், பாட்டன் காலத்துச் சாக்கடை ஓடும் தெருவில் நிம்மதியாக நடக்கிறோம்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவு முடியும். மண்ணுக்குள் ரேடியோ அலை அனுப்பித் திரும்பி வருவதைப் படிக்கும் ரேடார் கருவியை வண்டியில் கட்டி ரோடு ரோடாக ஓட்டலாம். ஆனால் அது பொதுவாக ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழம் வரைதான் தெளிவாகப் பார்க்கும். ஈரக் களிமண் என்றால் இன்னும் குறைவு. 10 மீட்டர் ஆழத்தில் ஆரம்பிக்கும் பள்ளத்தை, அது மேலே ஏறி வந்த பிறகே பிடிக்க முடியும். குழாய்க்குள் கேமரா ரோபோ விடலாம்; உட்கூரை அரித்திருப்பது தெரியும், அதற்கு வெளியே இருக்கும் வெற்றிடம் தெரியாது. செயற்கைக்கோள் அளவீடு மில்லிமீட்டர் கணக்கில் நிலம் தாழ்வதைச் சொல்லும். திடீரென்று உடையும் தார்ப் பலகையை அது முன்கூட்டிச் சொல்வது கடினம்.

இருந்தாலும் தேடினால் கிடைக்கிறது. 2014ல் சியோலின் சோக்சோன் பகுதியில் விழுந்த ஒரு பள்ளத்தை ஆராயப் போனவர்கள், கீழ்ப்பாதைச் சாலை ஒன்றின் அடியில் ஏறத்தாழ 80 மீட்டர் நீளத்துக்கு வெற்றிடம் இருப்பதைக் கண்டார்கள். அதற்கு மேலே அதுவரை வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜப்பானில் சின்னதும் பெரியதுமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 இடங்களில் சாலை உள்வாங்குவதாகப் பதிவாகிறது. மோசமான ரோடுகள் உள்ள நாடு என்று இதற்குப் பொருளில்லை; எண்ணுகிறார்கள் என்று பொருள்.

செய்தி வாக்கியங்களைப் படிக்கும் விதம்

1. ‘கனமழையால் சாலை உள்வாங்கியது.’ மழை கடைசித் தள்ளு. அதே மழை அடுத்த தெருவிலும் பெய்தது, அங்கே விழவில்லை. இங்கே எந்தக் குழாய் ஓடுகிறது, அதன் வயது என்ன என்பது செய்தியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. ‘பள்ளம் உடனடியாக மூடப்பட்டது.’ எதனால் மூடினார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்களா என்பது அடுத்த வரியில் வர வேண்டும். ஓட்டையை அடைக்காமல் மேலே மணலைக் கொட்டினால், அந்த மணலும் அதே வழியில் போகும். நன்றாக மூடினாலும் கொஞ்சம் அடங்கும்: ஹக்காட்டாவில் திறந்து பதினோரு நாள் கழித்து அதே இடம் 7 சென்டிமீட்டர் வரை தாழ்ந்தது. மறுபடி சாலையை அடைத்துச் சோதித்த பிறகே விட்டார்கள்.

3. ‘பொதுமக்கள் வேடிக்கை பார்க்கக் கூடினர்.’ பள்ளத்தின் வாய் சிறிது, வயிறு பெரிது. விளிம்பில் நிற்பவரின் காலுக்குக் கீழே தார் மட்டும் இருக்கலாம். 2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலையில், நடைபாதை இறங்கி இந்தியாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவர் உள்ளே விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்கவில்லை. அவர் விழுந்து ஐந்து நாள் கழித்து அங்கிருந்து ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி இன்னொரு குழி விழுந்தது. தடுப்பை அதிகாரிகள் தூரமாகப் போடுவது இதனால்தான்.

4. ‘நேற்றுவரை எந்த அறிகுறியும் இல்லை.’ சில சமயம் உண்மை. பல சமயம் இருந்திருக்கும். ரோடு தட்டுபோல வட்டமாகத் தாழ்ந்து அதைச் சுற்றி வளைய வளையமாக விரிசல் விட்டிருக்கும். மேன்ஹோல் மூடி மட்டும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். மூடி உயரவில்லை, சுற்றியிருக்கும் மண் இறங்கியிருக்கிறது. மழை பெய்யாத நாளில் சாக்கடையில் மணலும் செங்கல் துண்டும் வரும். ஒட்டுப்போட்ட இடமே மறுபடி மறுபடி இறங்கும். ஒரே இடத்தில் மூன்றாவது முறையாக ஒட்டுப்போடுகிறார்கள் என்றால், புகார் கொடுக்க வேண்டியது ரோட்டுத் துறையிடம் மட்டும் போதாது. கழிவுநீர்த் துறையிடமும், தேதி போட்ட போட்டோக்களோடு.